வேற எதையும் தொடாதீங்க

பழங்காநத்தத்தில் இருநூறு வீட்டுக்குக் கேபிள் கொடுக்கிறேன். பழைய கேபிள் நிற்கப்போகிறது, இனி டிவியோடு செட்டாப் பெட்டி வைத்தால்தான் படம் தெரியும் என்று உத்தரவு வந்த மாதம் எனக்குச் சோறு தண்ணி இல்லை. இளவட்டங்கள் பெட்டியை வாங்கியதும் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். வயசானவர்கள்தான் உயிரை எடுத்தார்கள். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அதில் முதலிடம் நாகமணி அம்மாவுக்கு. எழுபது வயதிருக்கும். கணவர் துளசிராம் பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுத்துவிட்டவர். ஒரு கை மட்டும் அசையும். சாயங்காலமானால் அவருக்குப் பழைய பாட்டு கேட்க வேண்டும். மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

முன்பு டிவியைப் போட்டால் விட்ட இடத்தில் பாட்டுச் சேனல் நிற்கும். பெட்டி வந்த பிறகு டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட். அந்த அம்மா எதையாவது அமுக்கிவிட்டு நாலு நாளில் ஆறு தடவை போன் போட்டார். ஆறாவது தடவை வீட்டுக்குப் போனபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, எம்புட்டு தடவ சொல்றது? பெட்டி ரிமோட்டுல இந்தச் சிவப்புப் பொத்தான மட்டும் அமுக்குங்க. போடவும் அதுதான், அணைக்கவும் அதுதான். வேற எதையும் தொடாதீங்க. சும்மா சும்மா போனும் போடாதீங்க."

"சரி தம்பி," என்றார்.

பாட்டுச் சேனலை வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பெட்டியை அணைத்துப் போட்டால் விட்ட சேனல் வராது; சாமான் விற்கிற சேனல்தான் முதலில் வரும். மறந்துபோய்ச் சொல்லவில்லை என்றால் அது பொய். சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் கால் மணி நேரம் போய்விடுமே என்றுதான் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போனே வரவில்லை. அம்மா தேறிவிட்டார் என்று கடையில் பெருமையடித்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். துளசிராம் ஐயா தவறிப் பதினெட்டு நாளாயிற்றாம். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கழற்றுவதற்கு முன் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். ஒருவன் தோசைக்கல்லைத் தூக்கிக் காட்டி இந்தியில் கத்திக்கொண்டிருந்தான்.

"இதுதான் தம்பி வரும். கடேசி வரைக்கும் அவரு இதத்தான் பாத்தாரு," என்றார் நாகமணி அம்மா.

என் விரல் பழக்கத்தில் மூன்று எண்களை அமுக்கியது. பாட்டு வந்தது.

அம்மா டிவியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை.

"தெனமும் டிவியப் பாத்துக் கையத் தூக்கித் தூக்கிக் காட்டுவாரு. பாட்டுதான் கேக்குறாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. தொடக் கூடாதாம்னு சொல்லி, நாந்தேன் அந்தக் கையப் பிடிச்சு இறக்கி விட்டுருவேன்."