திரைக்குக் கீழே போன பட்டன்

வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். அக்கா கிண்டலாக வைத்தது. அவன் பட்டமாக வாங்கிக்கொண்டான். அவளுடைய லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, நேற்று விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்ததும் இந்த மகானுபாவன்தான். "இனிமே வைரஸ் கிடையாது, மக்கர் கிடையாது, நிம்மதியா இரு, அக்கா" என்றான். நல்லா இருந்தாள் நிம்மதியாக!

அக்கா ஏழு வருடமாகத் தற்காலிக நர்ஸ். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க இன்று பகல் பன்னிரண்டு மணிதான் கெடு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். காலையிலேயே உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். கடைசியில் உறுதிமொழிப் பெட்டி ஒன்று எழும்பியது. நேற்றிலிருந்து திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில்தான் நிற்கிறதே! பெட்டியின் மேல்பாதி தெரிந்தது. அடியில் இருக்க வேண்டிய பட்டன்கள் திரைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டன. உருட்டிப் பார்த்தாள், பெட்டி அசையவில்லை.

"திரை அளவை, அதான் ரெசல்யூஷனை, தப்பா எடுத்திருக்கு. ரெண்டே நிமிஷம்" என்று விஞ்ஞானி நாற்காலியைப் பிடித்தபோது மணி ஒன்பது.

"ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதடா. எழுதினதெல்லாம் போயிடும்."

"எனக்குத் தெரியாதாக்கா?"

திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து கட்டளை மேல் கட்டளையாக அடித்தான். ஒன்றுக்கும் திரை மசியவில்லை. பத்து மணிக்கு லேப்டாப் கம்பெனியைத் திட்டினான், பதினொன்றுக்கு உலகத்தையே திட்டினான். அக்கா பக்கத்தில் நின்று கடிகாரத்தையும் அவன் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பதினொன்று நாற்பதுக்குத் துள்ளினான். "கண்டுபிடிச்சுட்டேன்!"

கண்டுபிடித்தது வேறொன்றுமில்லை, அவன் திருக்கைங்கரியத்தைத்தான். தன் அறையில் கிடக்கும் பழைய மானிட்டருக்காக என்றோ எழுதிய செட்டிங்ஸ் கோப்பை, 'எனக்கு நல்லா ஓடுதே' என்று நேற்று அப்படியே இதிலும் ஒட்டியிருந்தான். லேப்டாப் பாவம், தன்னை அந்த மானிட்டர் என்றே நம்பிக்கொண்டிருந்தது.

"அழிச்சுட்டேன்க்கா. ஒரே ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான்."

"எந்திரி."

"இல்லக்கா, இப்ப..."

"எந்திரிடா!"

அவள் உட்கார்ந்தாள். வார்டு கம்ப்யூட்டரில் மவுஸ் செத்து இரண்டு வருடமாகிறது. புதிது கேட்டுக் கேட்டு அலுத்து, நர்ஸுகள் எல்லோரும் கட்டம் விட்டுக் கட்டம் தாவும் டேப் விசையாலேயே காலம் தள்ளுகிறார்கள். அங்கே லீவு கேட்பதும் இதே இணையதளத்தில், இதே பெட்டியில்தான். முதலில் உறுதிமொழிக் கட்டம், அடுத்து ரத்து, அதற்கடுத்து சமர்ப்பி. கட்டத்தில் டிக் அடித்தாள். டேப். டேப். மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு, 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று பூசணிக்காய் எழுத்தில் வந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

விஞ்ஞானி எட்டிப் பார்த்தான். "ஆனா ரெசல்யூஷன் இன்னும் சரியாகலையேக்கா."

அக்காவுக்கு அழுகை வந்தது. "மூணு மணி நேரமா அந்த மெஷின்கிட்ட என்னென்னவோ கேட்டியே, உனக்கு என்னக்கா வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"திரை சரியாகணும்னுதானே..."

"எனக்கு வேலைடா வேணும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைச் சொல்லி என்ன? வழி தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும். ஏழு வருஷமா பெரிய டாக்டருங்க பின்னாடி அப்படியே நின்னு பழகிடுச்சு."