அன்டெனாவைப் பிடித்து நின்றவன்

1988 ஓகஸ்ட் 21, ஞாயிறு. தொலைக்காட்சிக்காரர் கேட்டபோது கலியாணத் திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன். சிறு பிழை.

கஜரூபன் ‘சிறு’ என்ற சொல்லை வெட்டினான். பிறகு அதையே அதன் மேலே திரும்ப எழுதினான். நாளுக்கு ஐந்து வரி டெனிஷில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஆசிரியை ஊல்லா. அது கொப்பியின் முன்பக்கத்தில் இருந்தது. அவர் கண்ணில் படக் கூடாதவற்றைக் கஜரூபன் கடைசிப் பக்கத்திலிருந்து தமிழில் எழுதிவந்தான்.

பிழை இதுதான். மனைவி றஜனியை டென்மார்க்குக்கு அழைப்பதற்கான விண்ணப்பத்தில், பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி 1986 ஜனவரி 23 என்று எழுதியிருந்தான். அன்று மட்டக்களப்பில் பதிவாளர் முன் எழுத்து முடிந்ததும் எல்லோரும் தேநீர் குடித்தார்கள். அவள் தகப்பனோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அதை ஊரில் யாரும் கலியாணம் என்று சொல்வதில்லை. தாலி கட்டியது மே 19. போன புதன்கிழமை, குடும்பத்தை அழைக்கக் காத்திருக்கும் அகதிகளைப் பற்றிய செய்திக்காகக் கமராவுக்கு முன்னால், எப்போது திருமணம் செய்தீர்கள் என்று கேட்டதும் அவன் வாயில் வந்தது அந்தத் திகதிதான். விண்ணப்பம் பதினாறு மாதமாக அசையாமல் கிடந்தது. அசைக்காமலிருக்கக் காரணம் தேடும் குடிவரவு அலுவலகத்துக்கு இரண்டு திகதிகள் போதும். கள்ளக் கலியாணம் என்று முடித்துவிடுவார்கள். அந்த வசனத்தைப் போடுகிறார்களா, வெட்டிவிட்டார்களா என்பது இன்று ஏழரை மணிச் செய்தியில் தெரிந்துவிடும்.

ஆனால் அவன் இருந்தது சில்க்போர்க் நகருக்கு வெளியே, மூன்று பக்கமும் மரமடர்ந்த மேடு சூழ்ந்த ஓர் ஏரிக்கரையில். அறைத்தோழன் பேனாட்டையும் அவனையும் ஊல்லாவும் கணவர் ஹென்னிங்கும் தங்கள் குடும்பத்துக் கோடைவீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அங்கிருந்த சின்னத் தொலைக்காட்சியில் புள்ளிமழை மட்டுமே பெய்தது.

நான்கு மணியிலிருந்து கஜரூபன் அன்டெனாவோடு திரிந்தான். நீண்ட வயரை இழுத்துக்கொண்டு போய், பதினொரு இடங்களில் வைத்துப் பார்த்துக் கொப்பியில் குறித்தான். கூரை விளிம்பு: சத்தம் மட்டும். கொடிக்கம்பம்: ஒன்றுமில்லை. படகுத்துறை நுனி: படம், தெளிவு. அதுவும் அவன் கையை உயர்த்திப் பிடித்திருந்தால்தான். துடுப்பில் கட்டி நிறுத்தியபோது போய்விட்டது. ஹென்னிங் பிடித்தபோது உருண்டது. பேனாட் பிடித்தபோது சத்தமும் நின்றது.

“என்னை டென்மார்க்குக்குப் பிடிக்கேல்லை மச்சான். நீயே பிடி,” என்றான் பேனாட்.

ஏழரைக்குக் கஜரூபன் துறையின் நுனியில் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான். வெயில் இன்னும் மறையவில்லை. யன்னலுக்குள் ஊல்லாவின் தலையும் ஹென்னிங்கின் தலையும் தெரிந்தன, திரை தெரியவில்லை. பேனாட் வாசலில் நின்றான்.

“வருது! அசையாத!”

“என்னையோ காட்டுறாங்கள்?”

“இல்லை, பன்றி விலை.”

கைகள் கடுக்கத் தொடங்கின. ஒரு விரலை மாற்றினாலும் உள்ளேயிருந்து ஹென்னிங் சத்தம் போட்டார்.

“இப்ப நீதான் மச்சான்! தலையை வாரி இழுத்திருக்கலாமேடா, மாப்பிள்ளை!”

“திகதி சொல்லுறனோ?”

பேனாட் திரும்பி உள்ளே பார்த்தான். கஜரூபன் எண்ணத் தொடங்கினான். பதினேழு வரை வந்தது.

“இல்லை. அதை வெட்டிப்போட்டாங்கள்.”

தோள் இளகியது. அன்டெனா சற்றுச் சரிந்தது. அப்போதுதான் ஊல்லா பலகைகள் அதிர ஓடிவந்தார்.

“கஜரூபன்! ‘நாங்கள் மே பத்தொன்பதாம் திகதி திருமணம் செய்தோம்.’ ஒரு பிழைகூட இல்லை! முழு நாடும் கேட்டது!”

அவன் நன்றி சொன்னான். அவர் பின்னாலேயே வந்த பேனாட் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏன்டா பொய் சொன்னனீ?”

“இண்டைக்கு ஒரு ராவாவது நீ நித்திரை கொள்ளுவாயெண்டுதான்.”

“நாளைக்கு?”

“நாளையான் கதையை நாளைக்குப் பாப்பம்.”

தமிழ் விளங்காத ஊல்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏதாவது பிழையா?” என்று கேட்டார். வசனத்தில் பிழை இல்லை. திகதியிலும் இல்லை என்று தோன்றியது, விண்ணப்பத்திலும் இல்லை. அப்படியானால் பிழை எங்கே இருந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்டெனாவை இறக்கியிருந்தால் முழு நாடும் கேட்டிருக்காது என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு அந்த நினைப்பின் மடத்தனம் அவனுக்கே தெரிந்தது.

கைகளை இறக்கப் போனான். உள்ளேயிருந்து ஹென்னிங் கத்தினார்.

“கொஞ்சம் பொறு, வானிலை!”

கஜரூபன் திரும்பவும் உயர்த்திப் பிடித்தான். ஏரியில் அவன் நிழல் இரண்டு கைகளையும் தூக்கியபடி நீண்டு கிடந்தது. மேற்கிலிருந்து மழை வருகிறதாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியைத் திறந்தான். கடைசிப் பக்கத்துக்குப் போகாமல், முன்பக்கத்தில் ஊல்லாவுக்கான ஐந்து வரிகளுக்குக் கீழே, டெனிஷில் எழுதினான்:

நாளை: அலுவலகத்துக்குக் கடிதம். இரண்டு திகதிகளையும் எழுத வேண்டும். பதிவுப் பத்திரத்தின் பிரதி, தாலி கட்டும் படம் ஒன்று. ஏன் இரண்டு என்று ஒரு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அனுப்பு முன் ஊல்லாவிடம் திருத்தக் கொடுக்க வேண்டும்.