முயல் தின்னக்கூடிய ஒரு முடிவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை துக்கத்திலிருந்து பிறக்கவில்லை, காலிஃப்ளவரிலிருந்து பிறந்தது.

என் கணவர் ஆர்விட் ஜனவரியில் இறந்தார். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், எங்கள் துலூத்தில், ஜனவரியில் சாகிறவர் புதைக்கப்படக் காத்திருக்க வேண்டும். பனியில் உறைந்த மண் இளகாமல் குழி வெட்ட முடியாது. மே மாதம் வந்து, போன சனிக்கிழமைதான் அடக்கம் செய்தோம். பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. அங்கே மிஞ்சிய காய்கறித் தட்டை, பாதிக்கு மேல் காலிஃப்ளவர், என் நாத்தனார் வெர்னா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல் ஆர்விட்டின் முயலுக்கு வைத்துவிட்டாள்.

(முயலின் பெயர் பிஷப். எங்கள் சபையில் இதுதான் நகைச்சுவை. இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: “பனி உருகிய அந்த வசந்தத்தில், ஒரு விதவையும் ஒரு முயலும்—”

வேண்டாம். விதவை என்றதும் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள்.

இரண்டாவது: “முயலுக்கு எந்தக் கீரை ஆகும் என்பதில் ஆர்விட்—”

இது பரவாயில்லை. கடையில் அவர் ஒரு கொத்தமல்லிக் கட்டைப் பெண் பார்க்க வந்தவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடர்பச்சை லெட்டூஸ் சரி, வெளிறிய உருண்டை லெட்டூஸ் கூடாது. பசலை எப்போதாவது. கேரட் ஒரு துண்டு, அதுவும் விருந்துக்கு. அதன் தழை தாராளமாக. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் சாதியெல்லாம் வயிற்றில் காற்று. புது இலை எதுவானாலும் ஒன்றே ஒன்று கொடுத்து, மறுநாள் காலையில் குனிந்து புழுக்கையை ஆராய்ந்து, திருப்தியானால்தான் அடுத்தது. நான் முடி வெட்டிக்கொண்டு வந்தால் அதைக் கவனிக்க இதே மனிதருக்கு ஒரு வாரம் ஆகும்.

3

வெர்னாவை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். சரிப்படவில்லை. வில்லிக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வேண்டும்.

“பச்சைக் காய்தானேடி, மார்லிஸ்” என்றாள். “முயலுக்கு இதைக் குடுக்காம பீட்சாவா வாங்கிக் குடுப்பாங்க?”

திங்கட்கிழமை காலை பிஷப் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. வைக்கோல் தொடப்படவில்லை, புழுக்கை இல்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் இளம்பெண், ஊசி போட்டாள், வயிற்றை நீவிவிட்டாள், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“குடல் ஓடலைன்னா பொழைக்காதுங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அதுவா எதையாவது கடிக்கணும். அதுக்குப் புடிச்ச கீரையா பாத்து, உங்க கையால குடுங்க.”

என் கையால். பிஷப் ஆர்விட்டின் கையில் மட்டும்தான் வாங்கித் தின்னும். நான்கு மாதமாக நான் கிண்ணத்தில் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போகிறேன்; அப்புறம்தான் தின்னும். ஆர்விட் திரும்பி வருவார் என்று இந்த வீட்டில் இன்னும் நம்புகிற ஒரே உயிர் அது. அதுவும் போய்விட்டால் நான்—

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

4

இங்கேதான் இலக்கியம் உள்ளே நுழைந்தது, அழைக்காமலேயே, வெர்னாவைப்போல.

மே மாதத்தில் பிஷப்புக்கு உயிரான கீரை டான்டலையன். மஞ்சள் பூவோடு புல்வெளியில் தானாக முளைக்கும் களை. எங்கள் தோட்டம் முழுக்க நிழல், அங்கே இன்னும் முளைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில், ஆர்விட்டின் புது மண்மேட்டை ஒட்டி, சனிக்கிழமை ஒரு கொத்தைப் பார்த்திருந்தேன். யோசித்துப் பாருங்கள்: இறந்தவரின் கல்லறையோரக் கீரை, அவருடைய முயலின் உயிரைக் காக்கிறது! எந்தக் கதைப் போட்டியிலும் பரிசு நிச்சயம். காரை எடுத்துக்கொண்டு போய், மண்டியிட்டு, வேரோடு பற்றினேன்.

“சாப்பாட்டுக்கா பறிக்கறீங்க?” என்றார் பின்னாலிருந்து, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லெராய்.

முயலுக்கு என்றேன்.

“அப்ப விட்டுருங்கம்மா. வெள்ளிக்கிழமைதான் களைக்கொல்லி அடிச்சேன். தின்னா செத்துரும்.” தொப்பியைக் கழற்றினார். “நான் வேணாம்னுதான் சொன்னேன். போன வருஷம் கமிட்டில ஆர்விட் சார்தான் புடிவாதமா நின்னாரு. கல்லறைத் தோட்டம்னா புல்லு மட்டுந்தான் இருக்கணும்னுட்டாரு.”

நான் சிரித்தேன். அடக்கம் முடிந்த இரண்டே நாளில் புருஷனின் கல்லறையில் சிரிக்கும் பெண்ணை லெராய் முன்பு பார்த்திருக்க மாட்டார். வீட்டில் இலை இலையாகச் சோதித்த மனிதர் இங்கே ஒரு தோட்டத்துக்கே விஷம் வைத்திருக்கிறார். என் கதையின் ஆக அழகான முடிவையும் சேர்த்து.

5

கைவசம் உள்ள முடிவுகள்:

பிஷப் தின்று பிழைக்கிறது. வெர்னா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள். (வெர்னாவை உங்களுக்குத் தெரியாது.)

பிஷப் செத்துவிடுகிறது, நான் துயரத்தின் வழியே ஏதோ ஒரு ஞானம் பெறுகிறேன். (எனக்கு வேண்டாம். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.)

நடந்தது இவ்வளவுதான். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினேன், திருப்பிப் பார்த்துத்தான். மூன்று முறை கழுவினேன். இப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்கால வெளிச்சம் குளிர்ப்பெட்டிவரை வந்துவிட்டது. இடது கையில் ஒரு காம்பு. வலது கையால் இதை எழுதுகிறேன். எழுந்து அறையை விட்டுப் போகவில்லை.

பிஷப் மூலையை விட்டு வந்திருக்கிறது. மூக்கு அசைகிறது, இலையை நோக்கியா, இலைக்குப் பின்னால் யாரையாவது தேடியா என்று சொல்லத் தெரியவில்லை.

முடிவை எழுத வேண்டுமானால் நான் தாளைப் பார்க்க வேண்டும். எனக்கு இப்போது முயலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.