மாற்றி வைத்த கல்லறை

கல்லறை தேடுகிறவர்கள் பிப்ரவரியில்தான் காட்டுக்குள் போக வேண்டும். கோடையில் கென்டக்கி மலைக்காடு எல்லாவற்றையும் பச்சையால் மூடிவிடும். குளிரில் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது கல்லறைக்கொடி மட்டும் வாடாமல் தரையோடு படர்ந்திருக்கும். கல்லில் பெயர் வெட்ட வசதியில்லாத அந்தக் காலத்து ஜனங்கள், புதைத்த இடத்தில் அதைத்தான் நட்டார்கள். அதனால், பழுப்பு இலைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டு கண்ணில் பட்டதும் டெல்ஃபியாவின் கால்கள் வேகம் பிடித்தன.

பின்னால் அவள் அப்பா ஆர்வில் ப்ரூயிட் ஊன்றுகோலோடு மூச்சிரைக்க ஏறிவந்தார். கூடவே நிலத்துக்காரர் ஹோபர்ட். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"மெதுவா ஏறுடா. உன் கொள்ளுத் தாத்தா எழுந்து ஓடிட மாட்டாரு. ஓடினாலும் பின்பக்கமாத்தான் ஓடுவாரு" என்றார் ஹோபர்ட்.

"பள்ளிக்கூடத்துலேருந்து இதே ஜோக்கு. புதுசா ஒண்ணு யோசிக்கக் கூடாதா?"

இந்த மலையில் இறந்தவரின் தலையை மேற்கே வைத்து, காலைக் கிழக்கே நீட்டிப் புதைப்பார்கள். கடைசி நாளில் ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்து உட்கார்ந்ததுமே அவர் முகம் தெரிய வேண்டும். ஆர்விலின் கொள்ளுத் தாத்தா லெமுவேல் ப்ரூயிட்டை மட்டும் திருப்பிப் புதைத்திருக்கிறார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால், தூக்குப் போட்டுக்கொண்டார், ஆளைக் கொன்றார் என்று ஆளுக்கொரு கதை. 'ஆண்டவருக்கே முதுகு காட்டுற வம்சம்' என்று கேட்டுக் கேட்டே ஆர்வில் வளர்ந்தார்.

அந்த வடு இப்போது டெல்ஃபியாவின் அம்மா ரெட்டாவின் கல்லறை வரை வந்துவிட்டது. சர்ச் மயானத்தில் ரெட்டாவுக்குப் பக்கத்தில் ஆர்விலுக்கென்று இடம் விட்டிருக்கிறது. அவரோ, "என்னை எரிச்சு ஆத்துல விட்டுடு. ஒரு ப்ரூயிட்டைப் புதைச்சா, எந்தப் பக்கமா வச்சாங்கன்னு ஊரே எட்டிப் பாக்கும்" என்கிறார்.

டெல்ஃபியா மூன்று குளிர்காலமாகத் தேடினாள். நீதிமன்றப் பதிவுகளில் லெமுவேல் பேரில் ஒரு குற்றமும் இல்லை. மக்கள் கணக்கெடுப்பில் 'விவசாயி' என்ற ஒரு சொல்தான். இல்லாத குற்றத்தை இல்லையென்று அப்பாவை எப்படி நம்பவைப்பது?

பச்சைத் திட்டில் வெறும் காட்டுக் கற்கள். ஆனால் ஜோடி ஜோடியாக, வரிசையாக: தலைமாட்டில் பெரியது, கால்மாட்டில் சிறியது. பெரிய கற்கள் எல்லாம் மேற்கே. எல்லா வரிசைக்கும் முன்னால், கிழக்கு ஓரத்தில், ஒரே ஒரு கல்லறை தனியாக இருந்தது. அதில் பெரிய கல் கிழக்கே.

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "அப்போ நிஜந்தான்."

டெல்ஃபியாவுக்கு என்ன தோன்றியதோ, முதல் வரிசையில் ஒரு கல்லறைமேல், பெரிய கல் பக்கம் தலைவைத்து மல்லாந்து படுத்தாள்.

"என்ன கூத்தும்மா இது! எழுந்திரு, சளி பிடிக்கப் போகுது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நேர் எதிரே அந்தத் தனிக் கல்லறை.

"அப்பா, இவங்கெல்லாம் எழுந்ததும் முதல்ல அவரைத்தான் பாப்பாங்க. அவரும் இவங்களைப் பாத்த மாதிரி எழுந்திருப்பாரு. சர்ச்சுல எல்லாரையும் பாத்து நிக்கிறது யாரு?"



"எங்க எனோக் மாமாவையும் இப்படித்தான் வச்சோம்," என்றார் ஹோபர்ட் மெல்ல. "பிரசங்கியார் எழும்போது தன் சபை முகத்தைப் பாக்கணும்னு பெட்டியைத் திருப்பச் சொன்னாங்க. ஒரு முனையை நான்தான் தூக்கினேன்."

"தூக்கிட்டு வந்துமா என்னை இந்தப் பாடு படுத்தின?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு தோணவே இல்லடா. சத்தியமா."

ஆர்விலுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "பிரசங்கியார்னா கணக்கெடுப்புல ஏன் விவசாயின்னு இருக்கு?"

"நம்ம சபையில பிரசங்கத்துக்கு எவன்டா காசு கொடுத்தான்? எனோக் மாமா வாரம் பூரா சுரங்கத்துல கரி வெட்டினாரு. என்ன தொழில்னு கேட்டா, வயிறு எதுல நிறையுதோ அதைத்தான சொல்லுவாங்க?"

டெல்ஃபியா அதே சபையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே யாரும் கூலி வாங்கிக்கொண்டு பிரசங்கம் செய்ததில்லை. தெரிந்திருந்தும், அந்த ஒற்றைச் சொல்லை அவள் அப்படியே நம்பிவிட்டிருந்தாள்.

ஆர்வில் தனிக் கல்லறையின் பெரிய கல்லருகே போய் நின்று வரிசைகளைப் பார்த்தார். "இத்தனை பேரு உக்காந்து கேட்டிருக்காங்க" என்றார். ஹோபர்ட்டும் தன் தொப்பியைக் கழற்றினார்.

இறங்கும்போது ஆர்வில் பாதி வழியில் நின்றார். "உங்க அம்மா பக்கத்துல அந்த இடம் இன்னும் இருக்குல்ல?"

"அப்படியே இருக்குப்பா."

"எல்லாரையும் போலவே என்னை வை. நான் பிரசங்கியார் இல்ல."

"உன்னைத் திருப்பி வச்சா, ரெட்டா எழுந்ததும் முதல் வேலையா உன் மூஞ்சியிலேயே உதைப்பா," என்றார் பின்னாலிருந்து ஹோபர்ட்.

ஆர்வில் ஊன்றுகோலை ஓங்கினார். பிறகு இறக்கிவிட்டு மகளிடம் சொன்னார்:

"பரவாயில்ல. புதுசா ஒண்ணு யோசிச்சுட்டான்."