அத்தை மகனின் சர்வர்

பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் பாடத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராமும், அதே வகுப்பில் படித்த அத்தை மகன் கொடுத்ததும் ஒரு வரிகூட மாறாமல் இருந்தன. பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். அத்தை மகன் முந்திக்கொண்டான். "என் லேப்டாப்பை அடிக்கடி வாங்கிட்டுப் போவா சார்."

நடந்தது தலைகீழ். ஆனால் அவன் வகுப்பிலேயே முதல் மாணவன். அவளுக்கோ அழுகை வந்த அளவுக்கு வார்த்தை வரவில்லை. அவளுக்குப் பூஜ்யம் போட்டார்கள்.

பூஜ்யத்தைக்கூட விழுங்கியிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அத்தை, எல்லார் முன்னாலும் அவள் தலையைத் தடவி, "ஏன்டி, கேட்டிருந்தா அவனே சொல்லிக் கொடுத்திருப்பானே" என்றதுதான் ஆறவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பருவத்தில் பாதுகாப்புப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு சர்வர். மூன்று மணி நேரம் அதைக் காப்பாற்ற வேண்டும்; மற்றவர்களுடையதைத் தாக்கலாம். நான்கு மாதம் ஆய்வகத்தில் அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து, அவன் வேலை செய்யும் விதத்தையே படித்தாள். சோம்பேறி. கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும் பழைய நெறிமுறையில்தான் சர்வருக்குள் போவான்.

தேர்வு தொடங்கியதும், "சர்வர் நான்தான்" என்று அவன் கணினிக்குப் பொய்ப் பதில்களை அனுப்பினாள். நெட்வொர்க்கில் எந்தக் கணினி எது என்று முகவரி விசாரிக்கும் நெறிமுறைக்குச் சந்தேகப்படத் தெரியாது. யார் சொன்னாலும் நம்பும். பத்தாவது நிமிடம், சர்வருக்கென்று அவன் அனுப்பிய கடவுச்சொல் எழுத்து எழுத்தாக அவள் திரையில் வந்து விழுந்தது. உள்ளே போனாள், அவனை வெளியே தள்ளிப் பூட்டினாள். அவன் சர்வரை முதலிலிருந்து நிறுவினான். மறுபடி பூட்டினாள். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அவன் கழுத்து வியர்ப்பதைப் பார்க்க அவ்வளவு இனித்தது. அதற்குள் அவளுடைய சர்வரை மற்றவர்கள் சூறையாடிவிட்டார்கள். போகட்டும் என்று விட்டாள்.

தேர்வு முடிந்ததும், "உள்ள எப்படி வந்தாங்க? சொல்லு" என்றார் அதே பேராசிரியர் அவனிடம். விழித்தான். முதல் மாணவன் விழிப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பழைய ப்ரோக்ராமைத் திறந்து காட்டினார். "நீ எழுதினதுதானே? இந்த வரி என்ன பண்ணுது?"

அதற்கும் விழித்தான். அவர் அவளிடம் திரும்பி, "தப்பு பண்ணிட்டேம்மா. அந்த மார்க்கை மாத்திடறேன்" என்றார்.

வெளியே வராந்தாவில் அத்தை மகன் வழிமறித்தான். "இதோட விட்டுடு. வீட்ல சொல்லாத."

"நான் சொல்லல. நீ சொல்லு. இப்பவே, ஸ்பீக்கர்ல போட்டு. இந்தத் தேர்வுல நானும் ஃபெயில்தான். மறுதேர்வுக்கும் உனக்குப் பின்னாலதான் உட்காருவேன்."

அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, அந்த ப்ரோக்ராம் அவ எழுதினது. நான்தான் திருடினேன்."

ஸ்பீக்கரில் அத்தையின் குரல் கேட்டது. "அவ மிரட்டிச் சொல்ல வைக்கிறாளாடா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இல்லம்மா."

அத்தை போனை வைத்துவிட்டாள். அவனை வராந்தாவிலேயே விட்டுவிட்டு அவள் கேன்டீனுக்கு இறங்கிப் போய், இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாக, நிதானமாகச் சாப்பிட்டாள்.