தொட்டியில விழுந்த மாப்பிள்ளை மோதிரம்

அலமாரியில வெச்சா தொலைஞ்சிடும்னு மாப்பிள்ளை மோதிரத்தை என் கட்டைவிரல்லயே போட்டுகினு திரிஞ்சேன் பாருங்க, என் புத்தியை இன்னான்னு சொல்றது! மறுநாள் ஊரிகம் சர்ச்சில என் பொண்ணு ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். அவ லாய்டுக்குப் போட வேண்டிய மோதிரம் அது. வாசல் சிமெண்டுத் தொட்டியில தண்ணி மொண்டப்போ வழுக்கிகினு உள்ள போயிடுச்சு.

தொட்டி என் நெஞ்சு உயரம். எட்டிப் பார்த்தா வெள்ளை வானம்தான் தெரியுது. டார்ச் அடிச்சா அந்த வெளிச்சமே திரும்பி மூஞ்சியில அடிக்குது. இறங்கித் தேடினா வண்டல் கலங்கிடும். திறந்து விடலாம்னா, ஒன்பது நாள் கழிச்சு வந்த தண்ணிங்க! எங்க லைன் வீட்டுல அதை எவளாவது கொட்டுவாளா? கல்யாண பிரியாணிக்கு எங்க போறது? எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த நேரம் பார்த்து பெங்களூர்லேர்ந்து பைக்ல வந்து இறங்கறான் லாய்டு, கருப்புக் கண்ணாடியோட. என் அண்ணன் மகன்தான். ஆனா அந்தக் கண்ணாடியைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெரியவங்க முன்னாடி இன்னா ஸ்டைலு? "கழட்டுடா முதல்ல!"ன்னு கத்தினேன். பாவம், கழட்டிப் பாக்கெட்டுல வெச்சுகினான். அப்புறம்தான் மூக்கை உறிஞ்சிகினே விஷயத்தைச் சொன்னேன்.

அவனும் எட்டிப் பார்த்தான். ஒண்ணும் தெரியல.

"அத்தை, திட்டாதீங்க. கண்ணாடி போட்டுக்கட்டுமா?"

"இப்ப இன்னாத்துக்குடா?"

"ரோட்டுல வெயில் கண்ணு கூசாம இருக்க வாங்கின போலராய்டு கண்ணாடி அத்தை. தண்ணியில சாய்வாப் பட்டுத் திரும்பற வெளிச்சம் முக்கால்வாசி படுக்கை வாட்டத்துலதான் ஆடும். இந்தக் கண்ணாடி அதை மறிச்சிடும்."

எனக்கு ஒரு மண்ணும் புரியல. அவன் கண்ணாடியைப் போட்டுகினு ரெண்டடி பின்னால போய் நின்னு பார்த்தான், சிரிச்சான், அதே இடத்துல என்னை நிக்க வெச்சுக் கண்ணாடியை எனக்கே மாட்டி விட்டான்.

அய்யோ, வானத்தைக் காணோம்! அடியில பாசி, எப்பவோ விழுந்த ஸ்பூன், அதோ எதிர் மூலையில மோதிரம்! சந்தோஷத்துல தலையைச் சாய்ச்சேன், திரும்பவும் ஒரே வெள்ளை. "போச்சுடா!"ன்னு அலறினேன்.

"எங்கயும் போகல. கண்ணாடியும் கூடவே சாஞ்சா மறிக்காது, தலையை நேரா வைங்க"ன்னு நிமித்தி விட்டான்.

ஜெனிட்டா டீ வடிகட்டியை மூங்கில் கொம்புல கட்டிக் கொடுத்தா. நான் "இந்தாண்ட, அந்தாண்ட"ன்னு சொல்லச் சொல்ல, நாலாவது தடவையில அள்ளிட்டான். ஒரு சொம்புத் தண்ணி வீணாகல. மூணு பேரும் வாசல்ல நின்னு குதிச்சோம்.

மோதிரத்தை அவன் கையிலேயே கொடுத்துட்டேன். கண்ணாடியை மட்டும் தரல. கல்யாண ஆல்பத்தை வந்து பாருங்க. குரூப் போட்டோவுல கருப்புக் கண்ணாடி போட்டுகினு நிக்கறது மாப்பிள்ளை இல்ல, நான்தான்.