கடைசி பெஞ்சில் ஒரு குரல்

மெக்கானிக்கல் இறுதி ஆண்டு வகுப்பின் கடைசி பெஞ்சில் ஆளே இல்லாமல் ஒரு குரல் மட்டும் உட்கார்ந்து படித்துவந்தது. அதற்கு வருகைப்பதிவு முழுதாக இருந்தது, உள்மதிப்பெண்ணும் பழுதில்லை. கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கேண்டீன் எந்தப் பக்கம், கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டுகிற கையோடு அந்த பெஞ்சையும் காட்டி, அங்கே உட்காராதே, ஆள் இருக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

குரலுக்குச் சொந்தக்காரனைப் போர்வை என்று கூப்பிட்டார்கள். பெற்றவள் ஆசையாக வைத்த பெயர் வேறு. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், அறைக்குள் எப்போது எட்டிப் பார்த்தாலும் கட்டிலில் ஒரு போர்வை மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கெட்ட பையன் என்று யாரும் சொல்ல முடியாது. யார் வம்புக்கும் போகமாட்டான், எவன் சோப்பையும் எடுக்கமாட்டான். தூக்கம் ஒன்றுதான் அவனுக்குப் பொல்லாத வியாதி. அவனுடைய அறைத்தோழனுக்குக் குழாய் என்று பெயர். மாடியில் நின்று பேசினால் சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் தொண்டை, அத்துடன் யார் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடும் சாமர்த்தியம். கல்லூரி முதல்வர் குரலில் ஒருநாள் மெஸ்ஸுக்கு ஃபோன் போட்டு, மாலை டீயோடு பிஸ்கட்டும் தரச்சொன்னான், அது அந்த வருடம் முழுக்க அமலில் இருந்தது.

காலை முதல் வகுப்பு எப்போதும் தெர்மோ சாருடையது. வெப்ப இயக்கவியல் நடத்துகிற அந்த மனிதர் வருகைப்பதிவு எடுக்கும்போது பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கிய சரித்திரமே கிடையாது. எண்ணைச் சொல்வார், பதில் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அவருக்குக் காது வழியாகத்தான் தெரியும். இப்படி ஒருவர் வாய்த்த பிறகு இரண்டு பேர் எழுந்து குளித்துப் போவது வீண் வேலை என்று போர்வையும் குழாயும் பேசி முடித்தார்கள். ஒருநாள் இவன், மறுநாள் அவன். போகிறவன் இரண்டு பேருக்கும் குரல் கொடுத்துவிடவேண்டும். குழாய்க்கு இது கை வந்த கலை. போர்வைக்குத் தன் குரலைத் தவிர வேறு குரல் வராது, அதனால் அவன் வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு குழாய்க்காக ஆஜரானான். ஒருநாள் விட்டு ஒருநாள் சளி பிடிக்கிற அந்த மாணவனை நினைத்து தெர்மோ சார் மனம் இளகி, தலையைத் தூக்காமலே, ராத்திரி ஆவி பிடிப்பா என்று சொன்னதும் உண்டு.

நீண்ட விடுமுறை ஒன்று முடிந்து கல்லூரி திறந்த காலையில்தான் அது நடந்தது. இன்று உன் முறை என்று இவன் நினைத்தான், உன் முறை என்று அவன் நினைத்தான். இரண்டு பேரும் மனநிம்மதியோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வகுப்பில் தெர்மோ சார் குழாயின் எண்ணைச் சொன்னார். பதில் இல்லை, சுழி போட்டார். போர்வையின் எண்ணைச் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரசன்ட் சார் என்றது குரல். கோடு போட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் வெயில்தான் உட்கார்ந்திருந்தது. வகுப்புத் தலைவி எழுந்து போய், யாராவது ஃபோனை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று குனிந்து துழாவினாள்.

"தேடிப் பாத்துட்டேன் சார். கீழ சூயிங்கம்தான் ஒட்டியிருக்கு."

"வருகைப்பதிவு எடுக்கறதுதாம்மா என் வேலை. தலையை எண்றது இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் கொதிகலன் பாடத்துக்குப் போய்விட்டார்.

அதே நேரத்தில் விடுதியில் போர்வை விழித்து, டேய் பேஸ்ட் எங்கடா என்று கேட்க வாயைத் திறந்தான். காற்று வந்தது, சொல் வரவில்லை. இன்னொரு முறை திறந்தான், அதுவும் காற்றுதான். குழாய் முதலில் விளையாட்டென்று நினைத்துத் தலையணையால் அடித்தான். அப்புறம் பயந்துபோய் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு ஓடினான். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை, உப்புத் தண்ணீரில் கொப்பளி என்றார். போர்வை கொப்பளித்தான், கொப்பளித்தான், விடுதியில் உப்பு தீரும்வரை கொப்பளித்தான். அந்த வாரக் கடைசியில் தன் குரல் வகுப்பில் ஆஜராகிற விஷயம் தெரிந்து அங்கே ஓடி, தன் பெஞ்சில் தானே உட்கார்ந்தான். அவன் எண் வந்தபோது, அவன் வாய் மூடியிருக்கும்போதே, அவன் தோள் பக்கமிருந்து குரல் பதில் சொல்லியது. அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலுக்கு ஏது முகம் என்று கேட்கலாம். ஆனால் உதாசீனம் செய்தால் தெரியாமலா போகும், போர்வைக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒருநாள் தவறாமல் வகுப்புக்கு வந்தான். என்ன செய்து என்ன, வருகைப்பதிவு இப்போது குரலுக்குத்தான் போய்ச்சேர்ந்தது. முதல் நாளிலிருந்து ஒரு வகுப்பையும் விடாத அந்தக் குரல் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தது. கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லும். துறைத்தலைவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பதில் சொல்பவருக்கு உடம்பு இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை, ஆகவே நடவடிக்கைக்கு இடமில்லை என்று முடித்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரை, ஆய்வுக்கூடத்தில் ஒட்டடை அடிக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லி அந்த வகுப்பறைக்கே கூட்டிவந்தார்கள். போர்வை பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தான். தேர்வாளர் அசந்துபோய்க் கைகுலுக்கினார். இத்தனைக்கும் நடுவில் உண்மையாகவே அடிபட்டவன் குழாய்தான். அந்த ஒரு சுழியால் அவனுக்கு வருகை போதாமல் போய், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

"உனக்காக நாயாக் கத்தினேனேடா. எனக்குன்னு ஒரு குரல், ஒரே ஒரு குரல் வந்துச்சா?" என்று அவன் போர்வையின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். போர்வையால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை, கையைக் கூப்பினான். அதைப் பார்த்ததும் குழாய்க்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. போர்வையின் அம்மா தையற்காரி, புருஷன் போன பிறகு பள்ளிச் சீருடைகள் தைத்து மகனைப் படிக்கவைத்தவள். ஞாயிறு மதியம் மெஷினை நிறுத்திவிட்டு ஃபோன் போடுவாள். குரல் இருந்த நாளிலும் போர்வை அவளிடம் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. ம், சரி, அப்புறம் பேசறேன், வெச்சிடறேன். அவ்வளவுதான் அவனுடைய மொத்தப் பேச்சும். குரல் போன முதல் ஞாயிறு, ஃபோன் அடிக்க அடிக்க அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அம்மாவுக்குத் தெரிந்தால் மெஷினைப் போட்டுவிட்டு ஓடிவருவாள், படிப்பு போதும் வா என்பாள், அவள் இத்தனை வருடம் குனிந்து தைத்ததெல்லாம் பாழ். குழாய் ஃபோனைப் பிடுங்கி, போர்வையின் குரலில், சொல்லும்மா என்றான். வேறு வழி?

ஆனால் குழாய் சும்மா இருக்கிற ஆளா? அம்மா நீ சாப்பிட்டியா என்று கேட்டான். கண் எரிச்சல் குறைந்ததா, கண்ணாடி மாற்றினாயா, ராத்திரி கண்விழித்துத் தைக்காதே என்றான். மெஸ் கதையைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் போர்வை உட்கார்ந்திருந்தான். அம்மா இப்படியெல்லாம் சிரிப்பாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. வாராவாரம் பேச்சு நீண்டது. தன் அம்மாவுக்கு வேறொருவன் மகனாக இருப்பதை, தன் குரலிலேயே இருப்பதை, அவன் எந்த ஞாயிறும் விடாமல் கேட்டான். பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

பட்டமளிப்புக்கு முந்தைய வாரம், சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வந்து விடுதி வாசலில் நின்றாள். குழாய் அவளைப் பார்த்த வேகத்தில் கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான். நேருக்கு நேர் நிற்கும்போது யார் யாருக்காகப் பேசுவது? போர்வை யோசித்தான். அவனுக்கு மிச்சமிருந்தது அந்த பெஞ்ச் ஒன்றுதான். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து, மைதானத்தைத் தாண்டி, மாடிப்படி ஏறி வகுப்பறைக்கு அழைத்துப்போனான். வழியெல்லாம் அவள் ஏதேதோ கேட்டாள், இவன் தலையை மட்டும் ஆட்டினான். பெஞ்சில் உட்கார்ந்தான், பக்கத்தில் அவளை உட்காரவைத்தான். ஒரே ஒரு வார்த்தை, அம்மா என்கிற ஒரு வார்த்தை போதும், கொடுத்துவிடு என்று குரலிடம் மனதுக்குள் கெஞ்சினான். பிறகு வாயைத் திறந்தான்.

"என்தால்பி," என்றது குரல்.

அவன் மறுபடியும் முயன்றான். அதே பாடத்திலிருந்து, நீராவியின் உலர்நிலைப் பின்னம் என்றது. பாவம், குரல் மேல் தப்பில்லை. அந்த அறையில் கேட்டதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது, அம்மாவிடம் பேசுவது எப்படி என்று அதற்கு யாரும் நடத்தவில்லை, சொந்தக்காரன் உட்பட. போர்வை மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஃபோன்ல பேசறது நீ இல்லன்னு எனக்கு முத வாரமே தெரியும்டா. நீ என்னைக்கு என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்க?" என்றாள். "யாரு பெத்த புள்ளையோ, நல்லாப் பேசுச்சு. கேக்க சுகமா இருந்துச்சு, அதான் நானும் ஒண்ணும் கேக்கல. ஆனா உன் குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

போர்வை தலையைத் தூக்கவில்லை. குரல்தான், வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குப் போகாது, அதற்கு வெளியிலிருந்து யாராவது வேலை செய்யவேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தது.

"ஆங், சொல்லு," என்றாள் அம்மா. கால்களைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

குரல் சொல்லியது. வெப்பத்தின் அந்த இரண்டாம் விதியை முடித்து, கொதிகலனுக்கு வந்து, நீராவிச் சுழலியான டர்பைனின் ஒவ்வொரு இறக்கையாக விவரித்துக்கொண்டு போனது. அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் அது அவள் பெற்ற குரல். குழந்தையில் பசித்து அழுத குரல், உடைந்து கரகரத்து ஆண்பிள்ளைக் குரலான அதே குரல், இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூடச் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கண்டென்சரில் நீராவி மீண்டும் தண்ணீராகிற இடத்தில் குரல் நிறுத்தியபோது, இன்னும் கொஞ்சம் சொல்லேன், இருட்டறதுக்கு நேரம் இருக்கு என்றாள். கதவோரம் வந்து நின்ற தெர்மோ சார், தன் பாடத்தைக் கேட்டு ஒருவர் அழுவதை வாழ்நாளில் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

பட்டம் வந்தது. போர்வைக்குப் பம்பு தொழிற்சாலையில் சோதனைக்கூட வேலை கிடைத்தது. அங்கே இரைச்சலில் எல்லோருமே கைச்சாடையில்தான் பேசுவார்கள், அவனுக்குக் குரல் இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை, சூப்பர்வைசராகவும் ஆனான். குழாய் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போர்வையின் அம்மாவோடு அவன் ஃபோனில் பேசுவது நிற்கவில்லை. உன் சொந்தக் குரல்லயே பேசுப்பா என்று அவள் சொல்லிவிட்டதால் அப்படியே பேசினான். தெர்மோ சார் ஓய்வு பெற்றார், புதியவர் வந்தார், அவரும் நாலு நாளில் பழகிக்கொண்டார். கல்லூரி விடுமுறைகளில் காவலாளி வகுப்பறையைத் திறந்துவிட, அம்மாவும் மகனும் வந்து உட்காருவார்கள். அம்மா மடியில் பித்தான் தைக்கவேண்டிய சட்டைகள் இருக்கும். மகன் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பாடத்திட்டம் மாறிய வருடம், அந்தச் சுழலிப் பகுதியை ஏன் எடுத்துட்டாங்க, நல்லாத்தானே இருந்துச்சு என்று துறைத்தலைவரிடம் அவள் விசாரித்தாள். மழைக்காலமானால், கிளம்பும்போது பக்கத்து ஜன்னலைக் கொக்கி போட்டு மூடி, ஈரக்காத்து பட்டா குரல் கட்டிக்கும், தெறந்து போட்றாதீங்க என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவரும் சரிம்மா என்று தினமும் மறக்காமல் மூடிவைப்பார்.